சுவிட்ச் ரூம் கீபோர்டு

கணபதி, கோயமுத்தூர்
15.1.2001

அன்புள்ள காளிக்கு,

பிரசாத் எழுதுவது. உனக்கும் ஜீவிதாவுக்கும் பொங்கல் வாழ்த்து. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். கூடலூர்க் கடையை மூடிவிட்டு இறங்கி வந்ததிலிருந்து அப்பா வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, போகிற வருகிறவனிடமெல்லாம் "பச்சைத் தேயிலை இன்னிக்கு என்ன வெலைங்க?" என்று கேட்கிறார். இந்தத் தெருவில் இருப்பவன் எல்லாம் லேத் பட்டறைக்காரன். அவனுக்கு என்ன தெரியும், பாவம்!

நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே, என் மாடி ரூம் தயார். சுவருக்கு முட்டை அட்டை ஒட்டச் சொன்னார்கள். வீட்டுக்குள் முட்டை வாடையே ஆகாது என்று அம்மா சண்டைக்கு வந்துவிட்டாள். அதனால் கடையில் மிஞ்சிய சாக்குகளை அடித்து, மேலே கல்யாண ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டிருக்கிறேன். பேசினால் கிணற்றுக்குள் துணி போட்டு மூடியது போல எதிரொலியே இல்லை. கடை மேசைமேல் இரண்டு டேப் டெக், நடுவில் மைக்செட்காரரிடம் வாங்கிய பழைய மிக்ஸர். நீ ஃபேக்டரி ஒர்க்‌ஷாப்பில் வெல்டு வைத்துக் கொடுத்த இரண்டு தட்டு ஸ்டாண்டுதான் ரூமுக்கே ராஜா. மேல்தட்டில் என் கீபோர்டு. கீழ்த்தட்டு உன்னுடையதுக்கு. குழுவில் அத்தனை வருஷம் மேலே நான், கீழே நீ என்று வாசித்துவிட்டு, இப்போது அந்தக் காலி இடத்தில் அம்மா வடகத் தட்டை வைத்திருக்கிறாள்.

ஒரு வழக்கு. நீ அனுப்பிய டேப்பை முதல் டெக்கில் போட்டு, அதன்மேல் நான் வாசித்து, இரண்டாவது டெக்கில் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கலாம் என்று உட்கார்ந்தால், உன் வாசிப்பு என் சுருதிக்குக் கால் கட்டை மேலே நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் இதே கதை. என் கீபோர்டை உனக்காக ஏற்றி வைக்க வேண்டியிருக்கிறது. உன்னுடையதில் சுருதி பட்டனை யாராவது அமுக்கிவிட்டார்களா? பார்த்து எழுது. உன் ஸ்டுடியோ எப்படி இருக்கிறது என்றும் எழுது.

உன்
பிரசாத்


பெல்மூர் எஸ்டேட், தேவர்சோலை
27.1.2001

மாப்ளே பிரசாத்துக்கு,

காளிமுத்து எழுதிக்கொள்வது. கடிதம் கிடைத்தது. ஜமுக்காளம் போட்ட ரூமில் உட்கார்ந்துகொண்டு என் கீபோர்டைக் குறை சொல்கிறாயா? இரு, இரு.

என் ஸ்டுடியோ எங்கே தெரியுமா? டீ ஃபேக்டரி சுவிட்ச் ரூம். சிரிக்காதே. போன மழைக்கு லைன் வீட்டில் வைத்திருந்தபோது மூன்று கட்டைகள் ஊமையாகிவிட்டன. கழற்றிப் பார்த்தால் அடியில் ரப்பரெல்லாம் பூசணம். இந்த ஊர் மூடுபனியில் உப்பே தண்ணீராகிவிடும்போது கீபோர்டு எந்த மூலைக்கு? நம் சுவிட்ச் ரூமின் பின்சுவர், தூள் காயவைக்கிற டிரையரை ஒட்டி இருக்கிறது. ராப்பகலாகச் சூடு. தீப்பெட்டி கூட அங்கே நமுத்துப்போகாது. எலெக்ட்ரீஷியன் என்பதால் சாவியும் என்னிடம். மானேஜர் துரையிடம் கேட்டேன், "மெஷினைக் கவனிச்சுக்கிட்டு என்ன வேணா செய்" என்றார். ஆகவே மெயின் போர்டுக்கு எதிரே ஒரு தேயிலைப் பெட்டி, பெட்டிமேல் கீபோர்டு, பக்கத்தில் டேப். வயர் நேரே டேப்புக்குள் போவதால் ஃபேக்டரி இரைச்சல் ஏறாது. ஜீவிதா, "அந்தப் பொட்டிகூடவே குடும்பம் நடத்துங்க, சோத்துக்கு மட்டும் இங்க வராதீங்க" என்கிறாள்.

இனி உன் வழக்கு. இலை வாட்டுகிற பெரிய காற்றாடிகள் ஓடும்போது இங்கே வோல்டேஜ் படுத்துவிடும். கீபோர்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, சுருதி அசையாது. ஆனால் என் ஓட்டை டேப்பின் மோட்டார் இழுத்து இழுத்துச் சுற்றும். இங்கே மெதுவாகப் பதிந்தது உன் ஊரில் நல்ல கரண்டில் வேகமாக ஓடுகிறது, கால் கட்டை ஏறுகிறது. ஆகவே உன் கீபோர்டும் ஒழுங்கு, என் கீபோர்டும் ஒழுங்கு. நடுவில் இருக்கிற டேப்தான் பொய் சொல்கிறது. ஃபேக்டரி ஓடுகிறவரை உனக்கு ஏறித்தான் வரும். சரியான சுருதியில் டேப் வந்தால் எங்கள் கதை முடிந்தது என்று வைத்துக்கொள்.

கொழுந்து விலை கிடுகிடுவென்று இறங்குகிறது. சம்பளம் மூன்று மாதமாகத் தவணை சொல்கிறார்கள். பார்ப்போம்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

உன்
காளி


கணபதி
22.3.2001

அன்புள்ள காளி,

உட்கார்ந்துகொண்டு படி. இரண்டு நல்ல சேதி.

நான் வாசிக்கிற குழுவை நடத்துகிற வேலாமணி அண்ணனுக்கு இரண்டாவது கீபோர்டுக்கு ஆள் வேண்டும். உன் டேப்பைப் போட்டுக் காட்டினேன். பாதிப் பாட்டிலேயே, "இந்த எடதுகை யாருதுங்க தம்பி? கூட்டியாங்க மொதல்ல" என்றார். மாதம் பூராவும் கச்சேரி இருக்கிறது. வழக்கம் உனக்குத் தெரியும், வாசிக்கிறவன் சொந்தக் கீபோர்டோடு வரவேண்டும். என்னிடம் இருப்பது ஒன்றுதான், இல்லாவிட்டால் நானே கொடுத்துவிடுவேன். நீ உன்னுடையதைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறு. தங்குவதற்கு என் ரூம்.

இரண்டாவது, கேசட் போடுகிறோம். எஸ்டேட் மாரியம்மன் திருவிழாக்களுக்கு நாம் இரண்டு பேரும் கட்டினோமே, அந்த எட்டு மெட்டுகள். அந்தக் காலத்து நோட்டீஸில் என் பேரைப் போட்டு, உன்னை "மற்றும் குழுவினர்" என்று தள்ளினார்கள். ஒவ்வொரு நோட்டீஸையும் கையில் வாங்கி, நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொள்வாய். எனக்குத் தெரியும்டா. இந்தத் தடவை அட்டையில் "கீபோர்டு: காளிமுத்து, பிரசாத்" என்றுதான் வரும். உன் பேர் முதலில். அச்சகத்தில் சொல்லியாகிவிட்டது.

எப்போது வருகிறாய்?

உன்
பிரசாத்


பெல்மூர் எஸ்டேட்
14.4.2001

மாப்ளேக்கு,

சித்திரைப் பிறப்பும் அதுவுமாக நல்ல சேதி எழுத ஆசைதான். ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். போன மாதக் கடைசியில் ஒரு நாள் காலையில் போனால் கதவில் பூட்டு. துரை ஜீப்பில் போய்விட்டார். சம்பளப் பாக்கி, சர்வீஸ் பணம் எதற்கும் பதில் சொல்ல ஆளில்லை. ஆபீஸ் போனும் உள்ளே பூட்டிக் கிடக்கிறது, அதனால் இனி கடிதம்தான்.

கம்பெனி போட்ட பூட்டுக்குமேல் நாங்களும் ஒரு பூட்டுப் போட்டிருக்கிறோம். முறை வைத்துக் கேட்டில் காவல் இருக்கிறோம். மெஷின்களை ஏற்றிக்கொண்டு போய் விற்றுவிடுவார்கள் என்று பயம். பக்கத்து எஸ்டேட்டில் அப்படித்தான் நடந்தது, வெறும் சுவர்தான் மிச்சம். இந்த நேரத்தில் நான் இறங்கி வந்தால் நன்றாக இருக்காது. வேலாமணி அண்ணனிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்.

கீபோர்டு வீட்டில் பத்திரமாக இருக்கிறது. கவலைப்படாதே. கேசட்டுக்கு நான் இங்கிருந்தே வாசித்து அனுப்புகிறேன். காற்றாடி நின்றுவிட்டதால் வோல்டேஜ் கம்பீரமாக நிற்கிறது. உனக்கு இனி சுருதித் தொல்லை இல்லை.

கேசட் அட்டை பற்றி நீ எழுதியதை ஜீவிதாவுக்குப் படித்துக் காட்டினேன். "எங்க, இன்னொருக்கா படிங்க" என்றாள்.

உன்
காளி


கணபதி
9.6.2001

அன்புள்ள காளி,

டேப் வந்தது. நாலு பாட்டுக்கும் உன் இடதுகை அப்படியே இருக்கிறது, கேட்டுக் கண் கலங்கிவிட்டேன். பிறகு வாசிக்க உட்கார்ந்தேன். கால் கட்டை மேலே நிற்கிறது.

என் டெக்கில்தான் கோளாறு என்று நினைத்து வேறு கேசட் போட்டுப் பார்த்தேன். அதெல்லாம் சரியாகத்தான் ஓடுகிறது. ஃபேக்டரி ஓடினால்தான் சுருதி ஏறும் என்று நீ எழுதினாய். ஃபேக்டரி நின்றுவிட்டது என்றும் நீயே எழுதினாய். அப்படியானால் எந்தக் காற்றாடிடா ஓடியது, இதை வாசிக்கும்போது? இது பழைய டேப். புதிதாக நீ ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை.

நேராகவே கேட்கிறேன், கீபோர்டை விற்றுவிட்டாயா? விற்றிருந்தாலும் சொல், திட்ட மாட்டேன். வேலாமணி அண்ணன், "ஆடி முடிய பாக்கறேனுங்க தம்பி, ஆவணி முகூர்த்தத்துக்கு ஆளு வேணுமில்லீங்களா?" என்கிறார். அதற்குமேல் அவரை நிறுத்த என்னால் முடியாது. என்னிடம் எதற்குடா பொய்?

பிரசாத்


பெல்மூர் எஸ்டேட்
21.6.2001

மாப்ளே,

மாட்டிக்கொண்டேன். கொடுத்த துப்பும் நானே, பிடிபட்ட திருடனும் நானே.

விற்கவில்லை. விற்றால் ஜீவிதா என்னை வீட்டில் சேர்க்க மாட்டாள். அது சுவிட்ச் ரூமிலேயே இருக்கிறது, பூட்டுக்குள்.

ஃபேக்டரியை மூடிய அன்றைக்கு காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக் களத்தில் எல்லாரும் கூடினோம். நான்தான் எழுந்து பேசினேன். "உள்ள இருக்கற மெஷினுதான் நம்ம பாக்கிக்கு ஜாமீன். ஒரு திருகாணி கூட வெளிய போகக் கூடாது. அவங்களும் எடுக்கக் கூடாது, நாமளும் எடுக்கக் கூடாது" என்றேன். அப்படிக் கைதட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் கீபோர்டு ஞாபகமே இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக் கை கழுவும்போது நினைவு வந்தது. அப்படியே குழாயடியில் நின்றுவிட்டேன்.

கேட்டுக்குப் பெரிய காவலே தெய்வம்மா என்கிற அக்காதான். கொழுந்து எடுக்கிறவர், வாயைத் திறந்தால் கங்காணிகளே நடுங்குவார்கள். அவரே வந்து, "உன் பொட்டிய மட்டும் எடுத்துக்க தம்பி. அது உன் சொந்தப் பொருளு, ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்றார். நான்தான் மாட்டேன் என்றேன். எங்களோடு வேலை பார்த்த சங்கிலியின் சைக்கிள்கூட உள்ளேதான் இருக்கிறது. அவன் தினமும் தேவர்சோலைக்கு நடந்து போய் வருகிறான், ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டம் போட்டவனே முதலில் உடைத்தால் நாளைக்குக் கம்பெனிக்காரன் லாரியோடு வரும்போது எந்த முகத்தோடு மறிப்பது?

பக்கவாட்டு ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கீபோர்டு தெரிகிறது. ஜீவிதா தைத்த சிவப்பு உறைமேல் வெள்ளையாகப் பூசணம் படர்ந்துவிட்டது. டிரையர் நின்றதும் அந்தச் சுவர் பிணம் மாதிரி சில்லிட்டுப்போயிருக்கும். மழை விடாமல் பெய்கிறது. தினமும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் நீ சும்மா இருக்க மாட்டாய். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். இது எங்கள் ஊர் விஷயம், நீ தலையிடாதே. சம்பளப் பாக்கிக்காக நாங்கள் போட்ட கேஸ் ஆகஸ்டில் வருகிறது. அதற்குள் ஏதாவது முடிவு தெரியும். வேலாமணி அண்ணனிடம் என் சார்பில் ஒரு கும்பிடு போட்டு வை.

உன்
காளி


கணபதி
19.7.2001

என் அருமைக் காளிக்கு,

நீ சும்மா இருக்கச் சொன்னாய். நான் இருப்பேனா?

உன் கீபோர்டு இப்போது என் வீட்டில் இருக்கிறது! ஆமாம்டா, நீ வெல்டு வைத்த ஸ்டாண்டின் கீழ்த்தட்டில். அம்மா வடகத் தட்டை எடுத்துவிட்டாள்.

நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் கம்பெனியின் ஆபீஸ் இங்கேதானே இருக்கிறது. அங்கே தலைமை குமாஸ்தா அப்பாவுக்குக் கூடலூர் நாளிலிருந்து பழக்கம். அப்பாவோடு போனேன். தங்கமான மனுஷன். காபி வரவழைத்துக் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். "அதுக்கென்னங்க தம்பி, ஒரு கலைஞனோட பொட்டிய நாங்க வெச்சு என்ன பண்றது? நாங்களே எடுத்துத் தர்றமுங்க" என்றார். ஆனால் கேட்டில் ஆட்கள் விடமாட்டார்களே என்று வருத்தப்பட்டார். நான்தான் சொன்னேன், "காளிமுத்து பொட்டிக்கு வந்திருக்கோம்னு சொல்லுங்க, போதுமுங்க. தெய்வம்மாங்கறவங்களே கதவத் திறந்து விடுவாங்க." அவருக்கு ரொம்ப சந்தோஷம். அங்கேயே இறக்கி வைத்தால் மழையில் நனையும், அங்கே போகிற கம்பெனி லாரி எப்படியும் கோயமுத்தூர்தான் வருகிறது என்று அவரே யோசனையும் சொன்னார்.

நேற்றுக் காலையில் லாரி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. பின்னால் தார்ப்பாய் கட்டி நல்ல லோடு. டிரைவர் உன் கீபோர்டைத் தனியாக முன்சீட்டில் வைத்துக் குழந்தை மாதிரி கொண்டு வந்திருந்தான். டீ சாப்பிடக் கூப்பிட்டேன், அவசரம் என்று உடனே போய்விட்டான்.

இப்போது உன் சட்டமும் உடையவில்லை. நீயா எடுத்தாய்? கம்பெனிக்காரனே எடுத்துக் கொடுத்திருக்கிறான். நீ கையை வீசிக்கொண்டு பஸ் ஏறினால் போதும். ஆடி முடிய இன்னும் நாள் இருக்கிறது. வேலாமணி அண்ணனிடம் சொல்லியாகிவிட்டது. அட்டை அச்சுக்குப் போகிறது.

எவ்வளவு நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன் தெரியுமா? உடனே பதில் எழுது. இல்லை, எழுதாதே, வா.

உன்
பிரசாத்


பெல்மூர் எஸ்டேட்
30.7.2001

பிரசாத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதைப் படித்த பிறகுதான் எங்களுக்கு என்ன நடந்தது என்று எனக்கே விளங்கியது.

அன்றைக்கு நான் நாடுகாணியில் ஒரு வீட்டு வயரிங் வேலைக்குப் போயிருந்தேன். நல்ல மழை. கேட்டில் தெய்வம்மா அக்காவும் இன்னும் நாலு பெண்களும். லாரி வந்து நின்று, "காளிமுத்து பொட்டிய எடுக்க வந்திருக்கோம், அவருதான் சொல்லி விட்டாரு" என்றார்களாம். அக்கா உடனே எங்கள் பூட்டைத் திறந்திருக்கிறார். "அப்பவே எடுக்கச் சொன்னேன், இப்பவாச்சும் புத்தி வந்துச்சே" என்று சிரித்துக்கொண்டே திறந்தாராம்.

கேட் திறந்ததும் தார்ப்பாய்க்குள்ளிருந்து ஆட்கள் குதித்தார்கள். ரோலர் மோட்டார்கள், டிரையர் மோட்டார், நான் பதினாலு வருஷம் துடைத்துத் துடைத்து வைத்திருந்த மெயின் போர்டு, எல்லாவற்றையும் பிடுங்கி ஏற்றிவிட்டார்கள். அக்கா லாரிக்கு முன்னால் போய் விழுந்திருக்கிறார். தூக்கி ஓரத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். முழங்கை உடைந்து கட்டுப் போட்டிருக்கிறது. இனி அந்தக் கையால் கொழுந்து எடுக்க முடியுமா தெரியாது. கேஸில் காட்ட எங்களிடம் இப்போது சுவர்கள் மட்டும்தான் இருக்கின்றன. நீ சொன்ன அந்த நல்ல லோடு எங்கள் முந்நூறு குடும்பத்துச் சோறு.

தலையிடாதே என்று எழுதினேனே பிரசாத். உன்னை யார் கேட்டது? காபி கொடுத்தால் உனக்கு எல்லாரும் தங்கமான மனுஷன்தான்.

லைனில் யாரும் எங்களோடு பேசுவதில்லை. ஜீவிதா குழாயடிக்குப் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் கம்பெனிக்காரனிடம் கைநீட்டிப் பணம் வாங்கிவிட்டேன் என்று பேச்சு. அக்கா மட்டும் கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்கு வந்தார். "நான் சொல்லி விடலைன்னு ஒரு வார்த்தை சொல்லு தம்பி, நான் நம்பறேன்" என்றார். நான் சொல்லவில்லை என்று சொன்னேன். "அப்ப உன் பொட்டி உள்ள இருக்குன்னும், கேட்டுல நான் இருப்பேன்னும் அவங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார். உனக்கு எழுதியது நான்தானே.

இப்போதும் என் முறை வரும்போது கேட்டில் போய் நிற்கிறேன். காக்க ஒன்றும் இல்லை. மற்றவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். நான் வராமல் இருந்தால் அவர்கள் சொல்வது நிஜமாகிவிடும். அதனால் நிற்கிறேன். உன் ஊருக்கு வருவதைப் பற்றி இனி எழுதாதே. இந்த மலையை விட்டு இப்போது நான் இறங்கினால், பணம் வாங்கிக்கொண்டு ஓடினான் என்பார்கள். இதற்குப் பதிலும் போடாதே. தபால்காரர் உன் கவரைக் கொடுக்கும்போது எல்லாரும் நின்று பார்க்கிறார்கள்.

கீபோர்டை உடனே கரண்டில் போட்டுவிடாதே, ஈரம் இறங்கியிருக்கும், போர்டு புகைந்துவிடும். உறையைக் கழற்றி எறி. அடித் தகட்டைத் திருப்புளியால் கழற்றிவிட்டு, பக்கத்தில் ஒரு நாற்பது வாட்ஸ் பல்பை எரியவிட்டு ஒரு வாரம் வை. பிறகு ரப்பர்களை ஸ்பிரிட் தொட்டுத் துடை. எட்டுப் பாட்டுக்கும் நான் அமைத்த சத்தங்கள் அதன் மெமரியில் வரிசையாக இருக்கின்றன. பேட்டரி செத்திருக்காவிட்டால் அவையும் இருக்கும். நீயே வாசித்து முடித்துக்கொள், உனக்கு என் இடதுகை தெரியும்.

கேசட் அட்டையில் என் பேரைப் போடாதே. என் பேரைச் சொல்லித்தான் கேட்டைத் திறக்க வைத்தார்கள். அச்சகத்தில் சொல்லி எடுத்துவிட்டு, பழையபடி "மற்றும் குழுவினர்" என்றே போட்டுக்கொள்.